ஒன்றேகால் முதல் மூன்றேகால் வரை

அத்தியாயம் 17

சென்ற வாரம் டெல்சியை நாம் விட்டுவிட்டு வந்தது சமையல்கட்டில். கையில் சப்பாத்தி மாவு, காதில் மாமியாரின் பேச்சு. அற்புதமேரி மத்தூருக்குக் கிளம்புகிறார். இளைய மகளுக்கு ஒன்பது மாதம் நிறைந்துவிட்டது. பெற்ற மகளுக்குப் பேறுகாலம் பார்க்காமல் மகன் வீட்டில் உட்கார்ந்திருக்க எந்த அம்மாவுக்கு மனசு வரும்? டெல்சிக்கே அது புரிந்தது. புரிந்ததால்தான் அவளால் சண்டைகூடப் போட முடியவில்லை.

சிக்கல் எல்லாம் இரண்டு மணி நேரத்தில் இருந்தது. கணவன் எட்சனுக்கு ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் பி ஷிஃப்ட். அவனுடைய கம்பெனி பஸ் மதியம் ஒன்றேகாலுக்குச் சூளகிரியை விட்டுக் கிளம்பிவிடும். டெல்சிக்கு உத்தனப்பள்ளி தாண்டி ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஏ ஷிஃப்ட். விடியுமுன் போகிறவள் வீடு திரும்ப மூன்றேகால் ஆகிவிடும். ஒன்றேகால் முதல் மூன்றேகால் வரை மகள் ரூபியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இதுவரை அற்புதமேரி இருந்தார். திங்கட்கிழமை முதல் யாரும் இல்லை.

ரூபிக்கு ஆறு வயது. மூளை முடக்குவாதம் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நடை இல்லை, பேச்சு இல்லை, தனியாக உட்காரவும் வராது. ஆனால் குக்கர் விசில் அடித்தால் வயிறு குலுங்கச் சிரிப்பாள். அதில் என்ன வேடிக்கையோ, அவளுக்குத்தான் வெளிச்சம்.

எட்சன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில் ஓர் இல்லம். இப்படிப்பட்ட குழந்தைகளை அங்கேயே தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். ஓர் இடம் காலியாக இருக்கிறது. சனிக்கிழமை நாலு மணிக்கு அங்குள்ள கிறிஸ்தவத் துறவி, ஒரு பிரதர், வந்து பிள்ளையைப் பார்ப்பார், தாய் தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ரெண்டு மணி நேரத்துக்காகவா பிள்ளையையே அனுப்புவது என்று டெல்சி கேட்டதற்கு அவன், “அங்க நர்ஸ் இருக்காங்க” என்றான். மறுபடி கேட்டாள். அதே பதில். கிளிப்பிள்ளைகூட இரண்டாவது வார்த்தை கற்றுக்கொள்ளும்.

உங்களுக்கு எட்சன் மேல் கோபம் வந்திருக்கும். எனக்கும்தான். கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம், சனிக்கிழமை விடிந்துவிட்டது.

*

டெல்சியின் கம்பெனியில் பெண்கள் கொண்டுவரும் பை உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையாகத்தான் இருக்க வேண்டும். வாசலில் செக்யூரிட்டி திறந்து பார்க்கும் வேலை மிச்சம். சாப்பாட்டு டப்பா, சீப்பு, மாத்திரை என்று ஊருக்கே எல்லாம் தெரியும். மறைக்க வேண்டியதைப் பெண்கள் துண்டில் சுற்றி வைப்பார்கள். அதைப் பிரித்துப் பார்க்கிற துணிச்சல் செக்யூரிட்டிக்கும் கிடையாது.

அன்று காலை டீ நேரத்தில் கேன்டீன் மேசைமேல் மாரம்மாவின் பை இருந்தது. அதில் துண்டு அவிழ்ந்து கிடந்தது. வெளியே எட்டிப் பார்த்தது ஒரு பச்சை பிளாஸ்டிக் டம்ளர். விளிம்பில் ஒரு பக்கம் பிறை வடிவில் பெயர்ந்திருந்தது.

“ஒடஞ்ச டம்ளரைப் போயி துண்டுல சுத்தி வச்சிருக்காங்க பாருங்க,” என்று பக்கத்திலிருந்த பிரவீனா சிரித்தாள்.

டெல்சி சிரிக்கவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது உடைந்ததல்ல. கத்தரியால் வெட்டி, வெட்டிய இடம் உதட்டைக் கிழிக்காமல் இருக்க மெழுகுவத்தியில் காட்டி மழுக்கியது. அண்ணாந்து குடித்தால் புரையேறிவிடும் குழந்தைக்கு இப்படித்தான் செய்ய வேண்டும். வெட்டிய இடத்தில் மூக்கு நுழைந்துகொள்ளும், தலையைச் சாய்க்காமலே டம்ளரைச் சாய்க்கலாம். அவள் வீட்டில் சிவப்பில் ஒன்று இருக்கிறது. வேறு எந்த வீட்டிலும் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

மாரம்மா அடுத்த லைனில் வேலை செய்கிறவள். நாற்பதை நெருங்குகிற வயசு, அதிகம் பேசாத ஆள். அவளைப் பற்றி பஸ்ஸில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. வீடு சூளகிரியில், ஆனால் தினமும் நடுவழியில் உத்தனப்பள்ளியில் இறங்கிவிடுகிறாள். குறி கேட்கப் போகிறாள் என்றாள் ஒருத்தி. தையல் கடையில் இன்னொரு வேலை என்றாள் இன்னொருத்தி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டெல்சியும் சும்மா இருந்தாளா என்றால், இல்லை. மாரம்மா பூ வைத்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்ததாக ஒரு பிடி உப்பு அவளும் போட்டிருந்தாள். இப்போது அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் வெட்கத்தைவிட ஆவல் பெரிதாக இருந்தது. ஷிஃப்ட் முடியும்வரை கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, மனசு முழுக்க அந்த டம்ளரில் இருந்தது. அது யாருக்கு? அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? உத்தனப்பள்ளியில் என்ன இருக்கிறது?

*

பஸ்ஸில் ஓடிப்போய் மாரம்மாவின் பக்கத்து சீட்டைப் பிடித்தாள்.

“அக்கா, அந்தப் பச்சை டம்ளர் யாருக்கு?”

“அது ஒடஞ்சு போச்சு.” மாரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஒடயல. வெட்டிருக்கீங்க. நானும் வெட்டுவேன்.”

மாரம்மா மெதுவாகத் திரும்பினாள். பிறகு, “உம்பொண்ணு ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டு படிக்குதுன்னு சொன்னியே?” என்றாள்.

உண்மைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் யாரோ கேட்டபோது எல்.கே.ஜி. என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். பொய்க்கும் வயது ஏறுமே. வருஷா வருஷம் ரூபியை அவளே பாஸ் போட்டு, இப்போது ஒன்றாம் வகுப்புவரை கொண்டுவந்து விட்டிருந்தாள்.

“பொய் சொன்னேங்க்கா,” என்றாள். சொன்னதும் முகம் சுட்டது.

“எம்பையனை நான் நாலாவது வரைக்கும் படிக்க வச்சிட்டேன்,” என்றாள் மாரம்மா.

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. முன் சீட்டிலிருந்த பிரவீனா திரும்பிப் பார்த்தாள். சிரித்த வேகத்தில் டெல்சிக்குக் கண்ணிலும் நீர் வந்தது. துடைத்துக்கொள்வதற்குள் உத்தனப்பள்ளி வந்துவிட்டது. மாரம்மா எழுந்து, இறங்குகிறாயா என்று கண்ணால் கேட்டாள்.

மணி இரண்டே முக்கால். நாலு மணிக்கு பிரதர் வருகிறார். எட்சன் அதற்காகவே லீவு போட்டுவிட்டு வீட்டில் காத்திருக்கிறான். நல்ல மனைவி, நல்ல மருமகள் யாராக இருந்தாலும் நேராக வீட்டுக்குத்தான் போவாள். டெல்சி இறங்கினாள். வர லேட் ஆகும் என்று மட்டும் எட்சனுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு, போனைப் பைக்குள் போட்டாள்.

*

மல்பெரித் தோட்டத்தை ஒட்டி நீளமாக ஒரு ஓட்டுக் கொட்டகை. முன்பு பட்டுப்புழு வளர்த்த இடம். இப்போது புழுத் தட்டுகள் எல்லாம் ஒரு மூலையில் அடுக்கிக் கிடந்தன. தரையில் பாய்கள், சுவரோரம் இரண்டு சாய்வு நாற்காலிகள். ஐந்து குழந்தைகள் இருந்தார்கள். ஒன்று தூங்கிற்று. ஒன்று காதைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் அமைதியாக இரு என்று அதட்டவில்லை. டெல்சி கவனித்த முதல் விஷயம் அதுதான். கோயிலில் ரூபி ஒரு சத்தம் போட்டால் போதும், பத்துத் தலைகள் திரும்பும்.

கொட்டகைக்குச் சொந்தக்காரி மாதம்மாள். கோபம் வந்தால் தெலுங்கு, கொஞ்சினால் கன்னடம், வேலை என்றால் தமிழ். அவளுடைய மகள் காவியாவுக்கு இருபத்திரண்டு வயது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையால் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. டெல்சியின் கண் அவளை விட்டு நகரவில்லை. ரூபி மாதிரிப் பிள்ளை ஒன்று இருபத்திரண்டு வயதில் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததே கிடையாது. நினைத்துப் பார்க்கவும் பயந்திருந்தாள். இதோ, கம்மல் போட்டுக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மாரம்மா உள்ளே நுழைந்ததும் மாதம்மாள் ஒரு நீள நோட்டோடு வந்தாள். “முனீஸ் பதினோரு மணிக்கு ஒரு ஃபிட்சு, சின்னது, ஒரு நிமிஷம் இல்ல. மத்தியானம் களி பாதிதான் தின்னான். இடது பக்கம் படுக்க மாட்டேங்கறான், பாத்துக்க.” மாரம்மா கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் மாதம்மாள் மாரம்மாவின் மகன் முனீஸ்வரனை விட்டு நகர்ந்தாள்.

டெல்சிக்கு வியப்பாகிவிட்டது. இது அவளுடைய லைனில் நடப்பதுதான். ஷிஃப்ட் மாறும்போது மெஷினை விட்டுப் போகிறவர் வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்: என்ன ஓடிற்று, என்ன தகராறு, எதில் கண் வைக்க வேண்டும். வருகிறவர் கையெழுத்துப் போடாதவரை மெஷின் போகிறவர் பொறுப்புதான். ஹேண்ட்ஓவர் நோட்டு என்று பெயர். அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பிள்ளைகளுக்கு வைத்திருந்தார்கள்.

நாலு வருஷம் முன்பு மாரம்மாவும் மாதம்மாளும் இரண்டு பேராக ஆரம்பித்தது. மாதம்மாளுக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும் என்றால் காவியாவை மாரம்மா பார்த்துக்கொள்வாள். மாரம்மாவின் ஷிஃப்டுக்கு முனீஸ்வரனை மாதம்மாள் பார்த்துக்கொள்வாள். இப்போது எட்டுக் குடும்பம். யார் எப்போது ஓய்வோ அவர் அப்போது கொட்டகையில் இருப்பார். காசு கிடையாது. ஒரே ஒரு விதி உண்டு. புதிதாக வருகிறவர்கள் முதலில் ஏழு நாள் வேறொருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் தங்கள் பிள்ளையை விடலாம்.

“உட்டுட்டுப் போறவங்க நெறைய பேரு வந்தாங்கம்மா,” என்றாள் மாதம்மாள். “புடிச்சிக்கறவங்கதான் வரல. அதான் மொதல்ல புடிங்கன்னு வச்சிட்டோம்.”

டெல்சி கேள்விகளாகக் கேட்டுத் தள்ளினாள். ஆறு வருஷமாகச் சேர்ந்தவை, ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்தது. காவியாவைக் குளிக்கவைக்க எப்படித் தூக்குகிறீர்கள், முதுகு பிடிக்காதா? மாதவிலக்குக்கு என்ன செய்கிறீர்கள்? பல்வலி என்றால் எந்த டாக்டர் வாயைத் திறக்கவைப்பார்? மாதம்மாள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சிலதைச் செய்தே காட்டினாள். உங்களுக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்று கேட்டபோது மட்டும், “அது தெரியலம்மா,” என்று சொல்லிவிட்டுக் காவியா மடித்த துண்டுகளை எடுத்து அடுக்கினாள். அந்தப் பதில் டெல்சிக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. அவள் இதுவரை போன இடங்களில், தங்களுக்கு எல்லாமே தெரியும் என்று பேசுகிறவர்களே அதிகமாக இருந்தார்கள்.

“சரி, உன் பாப்பாவைப் பத்திச் சொல்லு. ஹேண்ட்ஓவர் குடுக்கற மாதிரி,” என்றாள் மாரம்மா.

டெல்சி கம்பெனியில் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர்களிடம் சொன்னதெல்லாம் முடியாதவற்றின் பட்டியல். இப்போது வேறு மாதிரி வந்தது. சாதத்தைக் குழைத்தால் பிடிக்காது, இட்லி என்றால் நாலு உள்ளே போகும். வயிறு வலித்தால் அழ மாட்டாள், கீழுதட்டைக் கடிப்பாள். ஃபேன் சுற்றுவதைப் பார்த்தால் தூங்க மாட்டாள்.

“வலது கை எப்பவும் மூடியேதான் இருக்கும். இழுத்துத் தெறக்கக் கூடாது. நெத்தியில மெதுவா…”

“ஊதினா தானா தெறந்துக்கும்,” என்று முடித்தாள் மாதம்மாள்.

டெல்சி நிமிர்ந்தாள். இது அவளும் எட்சனும் தற்செயலாகக் கண்டுபிடித்தது. ரூபிக்கு இரண்டு வயதாக இருந்தபோது, கரண்ட் இல்லாத ஒரு மத்தியானத்தில். உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

மாதம்மாளும் மாரம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாப்பா பேரு ரூபியா?” என்று கேட்டாள் மாரம்மா.

டெல்சி பெயரைச் சொல்லியிருக்கவே இல்லை.

*

மாரம்மாவின் வீட்டுக்காரர் முனிசாமி, எட்சனின் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஒரு மாதத்துக்கு முன்பு அவர்தான் எட்சனை இங்கே அழைத்து வந்திருக்கிறார். பிள்ளையைப் பற்றி அவன் ஒரு மணி நேரம் பேசினானாம். ஏழு நாள் விதியைக் கேட்டதும் சரி என்று தலையாட்டினானாம். காலையில் பைக் சர்வீஸ், பாங்க் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு அவன் வந்த இடம் இதுதான்.

மாதம்மாள் நோட்டைப் பின்னால் புரட்டிக் காட்டினாள். வலது பக்கம் சாய்ந்த எட்சனின் கையெழுத்து. முதல் நாள், முனீஸ்வரன், ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை, இரண்டு தோசை, பந்து விளையாடினான். இரண்டாம் நாள், ஒரு தோசை, என்னைப் பார்த்துச் சிரித்தான். மூன்றாம் நாள், ஒன்பதே முக்கால். வழக்கத்துக்கு மாறாக நடந்ததை எழுதும் ‘வித்தியாசம்’ என்ற கட்டத்தில் ஒரே வார்த்தை: வலிப்பு. போன நேரம் எழுதவில்லை. கையெழுத்தும் இல்லை.

அன்று மாதம்மாள் காவியாவைக் குளிக்கவைத்துக்கொண்டிருந்தாள். எட்சன் கத்தியதைக் கேட்டு ஓடிவந்தாள். முனீஸ்வரனுக்குப் பெரிய வலிப்பு. அடங்கியதும் பையன் தூங்கிவிட்டான். மாதம்மாள் போன் எடுத்து மாரம்மாவின் சூப்பர்வைசருக்குச் சொல்லிவிட்டுத் திரும்பியபோது எட்சன் இல்லை, பைக்கும் இல்லை. எத்தனை முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. முனிசாமி கம்பெனி வாசலில் பார்த்துக் கைகாட்டியபோது வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டான்.

“தான் ஏதோ தப்பாப் பண்ணிட்டோம்னு நெனச்சுட்டாரு போல,” என்றாள் மாரம்மா. “அன்னிக்கே நான் எழுதி வச்சேன், வந்தா பாக்கட்டும்னு. அவரு வரவே இல்ல.”

எட்சனின் முடிக்காத வரிக்குக் கீழே மாரம்மாவின் குண்டு எழுத்தில் இருந்தது: *மூன்று நிமிஷம். பக்கவாட்டில் படுக்க வைத்திருக்கிறார். வாயில் எதுவும் வைக்கவில்லை. சாவி, இரும்பு என்று தேடவில்லை. வாட்ச் பார்த்திருக்கிறார். சரியாகச் செய்திருக்கிறார்.*

டெல்சி அதை இரண்டு முறை படித்தாள். மூன்று வாரம் முன்பு ஒரு நாள் அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டதும், கேட்டதற்கு பைக் பஞ்சர் என்று சொன்னதும் நினைவுக்கு வந்தன. பஞ்சருக்கு யாராவது சாப்பாட்டை விடுவார்களா? அன்றே கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இல்லம், நர்ஸ் என்ற பேச்செல்லாம் வந்தது. பிள்ளை பாரமாகிவிட்டாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்காக மனசுக்குள் அவனை எத்தனை திட்டியிருப்பாள்.

முனீஸ்வரன் பாயில் உட்கார்ந்து, மாரம்மா புதிதாக வெட்டிக் கொண்டுவந்த அந்தப் பச்சை டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வயது, ஒல்லிக் கால்கள், முன்பல் ஒன்று விழுந்திருந்தது. டெல்சி அவன் முகவாயில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டாள். அவன் அவளுடைய வளையலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

மணி மூன்றே முக்கால் தாண்டியிருந்தது. பையில் போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

*

டவுன் பஸ்ஸைப் பிடித்து அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது நாலரை. பிரதர் காபி குடித்து முடித்திருந்தார். மெலிந்த, பொறுமையான மனிதர். டீப்பாயில் படிவம் இருந்தது. தகப்பன் என்ற இடத்தில் எட்சனின் கையெழுத்து விழுந்திருந்தது, தாய் என்ற இடம் காலி. அற்புதமேரி ரூபியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் கட்டிவைத்த பை.

“எங்க போயிருந்த? எத்தனை தடவை போன் பண்றது?” எட்சன் பிரதருக்காகக் குரலை அடக்கிக்கொண்டான்.

“உத்தனப்பள்ளிக்கு. மாதம்மாக்கா ஷெட்டுக்கு.”

அவன் முகத்திலிருந்த கோபம் அப்படியே நின்றது. பிறகு நிறம் மாறியது.  

“அந்தப் பையன்…”

“நல்லா இருக்கான். இப்பத்தான் அவனுக்கு வாய் தொடச்சிவிட்டு வர்றேன்.” டெல்சி அவன் எதிரில் போய் நின்றாள். “நீங்க செஞ்சதெல்லாம் சரின்னு நோட்டுல எழுதி வச்சிருக்காங்க. மூணு வாரமா எழுதி வச்சிருக்காங்க. நீங்கதான் போயிப் பாக்கல.”

எட்சன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஆறடி மனிதன், இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அற்புதமேரி பதறிப்போய் என்னவென்று கேட்டார். அழுகைக்கு நடுவில் அவனே துண்டு துண்டாகச் சொன்னான். வலிப்பு அடங்கிப் பையன் அசையாமல் கிடந்ததைப் பார்த்து, தன்னால் அந்தப் பையன் போய்விட்டான் என்றே நினைத்தானாம். போனை எடுத்தால் அதைத்தான் சொல்வார்கள் என்று எடுக்கவில்லையாம்.

“ரூபிக்கும் எங்கையில அப்படி ஆயிட்டா?” என்றான். “அதான் நர்ஸ் இருக்கற எடமாப் பாத்தேன். அவ வேணாம்னு இல்ல டெல்சி.”

“எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?”

“ஏழு நாளும் முடிச்சிட்டு சொல்லலாம்னு இருந்தேன். மூணாவது நாளே ஓடிவந்துட்டேன். அதை எப்படிச் சொல்றது?”

பிரதர் எழுந்தார். படிவத்தை எடுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை மதியம் வரை இடத்தை வைத்திருப்பதாகவும், அதற்குமேல் முடியாது, காத்திருப்பவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். இல்லத்தில் பிள்ளையை நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள், அதில் சந்தேகம் வேண்டாம் என்றார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. டெல்சிக்கு அதுதான் இன்னும் குழப்பமாக இருந்தது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனதும் எட்சன் முகத்தைத் துடைத்தான். இன்னும் நாலு நாள் பாக்கி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். திங்கள் முதல் வியாழன் வரை காலையில் அவன் போனால், வெள்ளிக்கிழமையிலிருந்து ரூபியைக் கொட்டகையில் விடலாம். அந்த நாலு நாளும் அம்மா இருந்தால்.

அப்போதுதான் அற்புதமேரியின் போன் அடித்தது. மத்தூரிலிருந்து. மகளுக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அற்புதமேரி எழுந்துவிட்டார். ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். “இந்தாப்பா, புள்ளையைப் புடி,” என்று ரூபியை எட்சனிடம் நீட்டினார்.

அவன் கை பாதி தூரம் வந்து நின்றது.

டெல்சிக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. மூன்று வாரமாக இந்த வீட்டில் ரூபியைத் தூக்கியது, படுக்கவைத்தது, குளிக்கவைத்தது எல்லாம் மாமியாரும் தானும்தான். எட்சன் வாங்கிக்கொடுப்பான், எடுத்துக்கொடுப்பான், கதவருகே நின்று பார்ப்பான். பிள்ளையைத் தொடவே இல்லை. அவள் தானே முன்னால் போய் வாங்கிக்கொள்ளப் பார்த்தாள். பிறகு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

எட்சன் ஒரு கையைக் கழுத்துக்கும் ஒரு கையை முட்டிக்கும் கீழே கொடுத்து ரூபியை வாங்கினான். ரூபி தகப்பன் சட்டைப் பித்தானையே முறைத்துப் பார்த்தாள்.

“கனம் ஏறிட்டா,” என்றான் எட்சன்.